ஒரு வருஷமும் மூன்று மாதமும்

உங்களில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள் என்று கேட்டால் பாதிக் கைகளாவது மேலே வரும். எங்கள் ஆரம்பப் பள்ளிப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர்கள், செஞ்சிப் பக்கத்துப் பெண்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் பிள்ளை பெறுவார்கள் என்று நினைக்கக்கூடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்காக ஹெட்மாஸ்டர்கள் போட்ட தேதிகள் அவை. இப்போது ஆபீசில் அந்தத் தேதியில் கேக் வாங்கி வைக்கிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே வெட்டுகிறோம். இரண்டு மாதம், மூன்று மாதம் கூடிப்போனதில் யாருக்கு என்ன நஷ்டம்?

என் தங்கைக்கு ஒரு வருஷமும் மூன்று மாதமும் கூடிப்போனது.

எங்கள் வீடு செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற சாலையில், தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் லோடுமேன். நெல் வரத்து அதிகமான மாதங்களில் அவருடைய பிடரியில் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் காய் உடைக்கவும் போவாள். நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அவள் என் பின்னாலேயே பள்ளிக்கு வந்து, என் பையின் மேல் தலை வைத்துத் தூங்குவாள்.

அந்த வருஷம் பள்ளியில் தலைக்கணக்கு குறைந்துவிட்டது. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் இரண்டாவது டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை.

"இன்னாப்பா, சின்னதயும் சேத்துடு. தெனம் வந்து ஒக்காந்துனுதான இருக்குது."

"அதுக்கு நாலே ஆவலயே சார்."

"நான் ஆக்கிடறேன்."

வண்டியின் டேங்க் மேலேயே படிவத்தை வைத்து எழுதினார். மூன்று வயது பத்து மாதக் குழந்தைக்கு ஐந்து வயது தாண்டியது. பேனாவை மூடிக்கொண்டே நைனாவிடம் சொன்னார்: "இதான் இனிமே இவ பொறந்த நாளு. எங்க கேட்டாலும் இதயே சொல்லணும். மாத்திச் சொன்னா என் வேலையும் பூடும், இவ படிப்பும் பூடும்."

நைனா அதை ஒரு வேண்டுதல் மாதிரி மனதில் வாங்கிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் அப்படி எழுதியதால் மாற்றலாகாமல் தங்கிய அந்த இரண்டாவது டீச்சர்தான் எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அதையும் சொல்லியாக வேண்டும்.

நானும் தங்கையும் ஆடியில் பிறந்தவர்கள். சரியாக மூன்று வருஷ இடைவெளி. அவள் பிறந்தது ஆடி அமாவாசையன்று. மலையனூர்க் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களால் சாலை அடைத்திருக்க, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டியும் கிடைக்காமல் நின்றாளாம். இந்தக் கதை தங்கைக்கும் தெரியும். ஆடி என்பது தெரியும், எந்த வருஷத்து ஆடி என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளைப் போலத் தனக்கும் மூன்று மாதம்தான் கூட்டியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, நான் செஞ்சியில் பெண்கள் பள்ளியில் ஆறாவது. தீபாவளி கழிந்ததிலிருந்து அவள் உடம்பு மாறத் தொடங்கியிருந்தது. முகத்தில் பரு வந்தது. வியர்வை வாடை பெரியவர்களுடையதைப் போல ஆனது. அம்மா கவுனுக்குள் ஒரு உள்சட்டை போட்டுவிட்டு, "குனிஞ்சி வெளையாடாத" என்றாள். அவ்வளவுதான் அம்மா செய்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு வேறு காரணம் கண்டுபிடித்தாள்.

"பிராய்லர் கோழியும் முட்டையும் துன்ன வெச்சா வேற இன்னா ஆவும்? ஊசி போட்ட கோழி, புள்ளையும் அதே மாதிரிதான் ஊதும்."

"எங்க ஊட்ல கோழி எடுக்கறதே மாசத்துக்கு ஒரு தடவதான்" என்றாள் அம்மா.

"அப்ப முட்டதான்."

சத்துணவு முட்டை நின்றது. தங்கை மூன்று மாதம் தன் முட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் கொடுத்தாள். மஞ்சள் கருவை மட்டும் ஒருநாள் கெஞ்சி வாங்கித் தின்றுவிட்டு வந்து என்னிடம் சத்தியம் வாங்கினாள், அம்மாவிடம் சொல்லக் கூடாதென்று.

பங்குனி வெயிலில் பள்ளிக்குப் பரிசோதனை செய்ய வந்தவர்கள் அவளைத் தனியாக நிறுத்தினார்கள். நர்சம்மா அம்மாவை வரச்சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தாள். ஹார்மோன் டாக்டரைப் பார்க்க வேண்டும், பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும்.

"ஹார்மோனுன்னா இன்னாங்க?"

"ஒடம்புக்குள்ள போற தபால்மா. எந்த வேலைய எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்ற தபால். இவளுக்கு முன்னாடியே போயிட்ட மாதிரி இருக்குது."

சீட்டில் வயது எழுதியிருந்தது: எட்டு வருஷம் பதினொரு மாதம். பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அவளுக்கு அப்போது ஏழு வருஷம் எட்டு மாதம்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. அப்போதே எனக்குப் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை எண் போட்டு எழுதியிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் நைனா கேட்டார்.

"இன்னா எழுதிக்கிற, படி."

"ஒண்ணு. உண்மையான பொறந்த நாள் ஆடி அமாவாச. ஸ்கூல்ல போட்டது ஏப்ரல், ஒரு வருஷம் மூணு மாசம்..."

"அத அடி."

"டாக்டர் கேட்டா?"

"கேட்டா சீட்டுல இருக்கறதச் சொல்லு. சீட்டுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னா உள்ளயே வுட மாட்டாங்க. கமிட்டில மூட்டைக்கும் சீட்டுக்கும் ஒரு நம்பர் மாறினா லாரியே வெளிய நிக்குது. இது புள்ள."

ஜன்னலோரம் இருந்த அம்மா, "டாக்டருதான, போலீசா?" என்றாள்.

"நீ சும்மா கெட. வாத்தியார் வேல பூட்டா நீ குடுப்பியா?"

நான் ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டு முதல் வரியை அடித்தேன். இரண்டாவதை ஒன்று என்று திருத்தினேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவை பலவும் நினைவில் இருக்கின்றன. பச்சைத் தரை. சுவரில் பொருத்திய உயரம் பார்க்கும் பலகை, அதில் தலைமேல் வந்து இடிக்கும் மரத்துண்டு. எக்ஸ்ரே அறையில், "வலிக்குமா?" என்று தங்கை கேட்டதற்கு, "போட்டோ எடுத்தா வலிக்குமா?" என்று திருப்பிக் கேட்ட ஆள். அவளுடைய இடது கையை மட்டும் எடுத்தார்கள். கை எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. விரல் எலும்புகளின் நுனியில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து உடம்பின் வயதைச் சொல்லிவிடலாம், அந்த இடைவெளி மூடிவிட்டால் வளர்த்தி முடிந்தது என்று டாக்டரம்மாதான் விளக்கினார். அவசரமில்லாமல் பேசுகிறவர். தங்கையைப் பார்த்து, "நீ என்ன ஆகப்போற?" என்று கேட்டார்.

"போலீசு."

அமாவாசைக்கு அமாவாசை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மலையனூர்க் கூட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்தும் பெண் போலீஸ்களைப் பார்த்து வந்த ஆசை அது.

"அப்ப நல்லா உயரமா வளரணுமே" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

"இது பொறந்த தேதியா, ஸ்கூல்ல போட்ட தேதியா?"

இன்று யோசித்தால் அந்தக் கேள்விக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது. எங்கள் ஊர்களை அவர் அறிந்திருந்தார்.

"பொறந்த தேதிதான் மேடம். செஞ்சி ஆஸ்பத்திரிலதான் பொறந்தா."

"நீங்க சொல்லுங்கம்மா."

"அவரு சொன்னா சரிதாங்க" என்று அம்மா தரையிடம் சொன்னாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை வரும் என்று நினைத்திருக்க வேண்டும். "நீ அக்காவா? உனக்கும் தங்கச்சிக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

எனக்கு ஹெட்மாஸ்டர் இரண்டு மாதம் கூட்டியிருந்தார். என் பள்ளித் தேதியையும் அவள் பள்ளித் தேதியையும் மனதில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துக் கழித்தேன். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு. "ஒரு வருஷம் பதினோரு மாசம், மேடம்."

"மாசத்தோட சொல்றாளே!" என்று டாக்டர் சிரித்தார். நைனா என் தலையைத் தடவினார். டாக்டர் எழுதத் தொடங்கினார்.

அவர் சொன்னதை நான் எண் போட்டு எழுதிக்கொண்டேன். எலும்பு வயது பத்து. பிள்ளைக்கு ஒன்பது ஆகப்போகிறது, ஒரு வருஷம் முன்பின் இருப்பது பெரிதில்லை. மாற்றம் தொடங்கியதும் எட்டரை வயதில்தான், அது இயல்பு. எட்டு வயதுக்கு முன்னால் தொடங்கியிருந்தால் மாதம் ஒரு ஊசி போட்டுச் சில வருஷம் நிறுத்திவைப்பார்கள். இல்லாவிட்டால் எலும்பு சீக்கிரம் மூடி, பிள்ளை குள்ளமாகவே நின்றுவிடும். இவளுக்கு அது தேவைப்படாது. ஆறு மாதம் கழித்துக் காட்ட வேண்டும்.

'எட்டு வயதுக்கு முன்னால்' என்பதை அடிக்கோடிட்டேன். உண்மையான கணக்கில் அவளுக்குத் தொடங்கியது ஏழே கால் வயதில். எனக்குக் கழித்தல் தெரியும். நான் நிமிர்ந்தபோது நைனா எழுந்து கைகூப்பிக்கொண்டிருந்தார்.

டிப்ளமோ முடித்து இன்று வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அளவு சரிபார்க்கிறேன். கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்றுதான். பூஜ்யம் தவறியிருந்தால் அதன் பிறகு எடுக்கிற ஒவ்வோர் அளவும் சுத்தமாக, நம்பும்படியாக, ஒரே அளவில் தவறாகவே வரும். டாக்டர் எதையும் தப்பாக அளக்கவில்லை.

அன்று நைனாவுக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று கண்டக்டரிடம்கூடச் சொன்னார். எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார். தங்கை அலையில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவோடு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அம்மா, எட்டுக்கு முன்னாடின்னா ஊசி போட்டு நிறுத்தணுமாம். இவளுக்கு ஏழுதான?"

அம்மாவின் கை நின்றது. "வர்றத ஊசி போட்டு நிறுத்துவாங்களா? நிறுத்தி, அப்புறம் வராமலே பூட்டா? பொட்டப் புள்ளடி." தோலை முறத்தில் தட்டினாள். "நைனா சொன்னது நல்லதாப் போச்சி. வாய மூடிக்க."

அந்த வருஷம் தங்கை வளர்ந்தாள். முதல் பெஞ்சில் இருந்தவள் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போனாள். கதவு நிலையில் மாதம் ஒருமுறை அவளை நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்து, பென்சிலில் கோடு போடுவேன். கோடுகள் ஏறிக்கொண்டே போயின. நைனா பார்க்கிறவர்களிடமெல்லாம், "பாப்பா என்னத் தாண்டிடுவா" என்றார். ஆறு மாதம் ஆனபோது, ஒன்றும் இல்லை என்று சொன்ன இடத்துக்கு மறுபடி எதற்குப் போக வேண்டும் என்றார். நன்றாக வளர்கிற பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள்? அந்த வளர்ச்சிதான் நோய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எக்ஸ்ரே படம் பழுப்பு உறையில் பரண்மேல் கிடந்தது. அந்த வருஷம் சூரிய கிரகணம் வந்தபோது ஹெட்மாஸ்டர், யார் வீட்டிலாவது எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவரச் சொன்னார். தங்கை பெருமையாக எடுத்துப் போனாள். பிள்ளைகள் வரிசையில் நின்று, அவள் விரல் எலும்புகளின் வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். படம் திரும்பி வரவில்லை.

ஆறாம் வகுப்பு தொடங்கிய கையோடு அவள் வயதுக்கு வந்தாள். உண்மையில் ஒன்பதுகூட ஆகவில்லை. பதிவேட்டின்படி பத்து. "பத்துல ஆவறதெல்லாம் இப்ப சகஜம்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், பதிவேட்டை நம்பி. அத்தை வரிசைத் தட்டு எடுத்து வந்து பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். மணையில் உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டுக் காதில் கேட்டாள்: "இது எப்ப முடியும்? நொண்டி ஆட்டத்துக்கு என் எடத்த வேற யாராவது புடிச்சிடுவாளுங்க."

அதற்குப் பிறகு கோடுகள் நெருங்கின. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. பென்சில் தடித்துவிட்டது என்று நினைத்து நான் சீவிக்கொண்டேன். உடன் படித்தவர்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். அவள் வேப்பங்கிளையில் தொங்கினாள். பாலில் பவுடர் கலந்து குடித்தாள். யாரோ சொன்னார்கள் என்று தலையணை இல்லாமல் படுத்தாள். ஏழாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் அவளே கேட்டாள்: "நைனா, என்ன அந்த ஹார்மோன் டாக்டராண்ட கூட்டினு போ. ஊசி இருக்குதாமே."

அதே டாக்டரம்மா. பழைய குறிப்பைப் புரட்டிவிட்டு, "அந்தப் படம் எங்க?" என்றார்.

"கிரகணம் பாத்துட்டாங்க மேடம்" என்றார் நைனா. டாக்டர் சிரிக்கவில்லை.

புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். எலும்பு வயது பதினான்கு. "எனக்கு இது சரியா வரலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தங்கையை இன்னொரு முறை உயரம் பார்த்து வரச்சொல்லி நர்சுடன் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"தேதியைச் சொல்லுங்க."

நைனா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். ஆடி அமாவாசை, பஸ், வாத்தியார், எல்லாம், மூச்சு விடாமல். டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே கேட்டேனே."

"தப்பாயிடுமோன்னு..." என்றார் நைனா. மூட்டை தூக்கிய கழுத்து, நிமிரவில்லை. "இப்ப போடுங்க மேடம் அந்த ஊசிய. எவ்ளோ தூரம்னாலும் மாசாமாசம் கூட்டினு வரேன்."

"மூடப்போற எலும்புக்கு ஊசி இல்லைங்க."

அப்போது அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கழித்தல் அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. கதவு திறந்து தங்கை ஓடிவந்தாள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு! ஊட்ல நூத்தி நாப்பத்தொண்ணுதான் இருந்தேன். ஏறிக்குது மேடம்!"

டாக்டர் அவளைப் பக்கத்தில் நிறுத்தி, "நல்லா சாப்பிடு, நல்லா படி" என்றார். சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நைனா எங்களிடம் சொன்னார்: "அவகிட்ட யாரும் வாய தொறக்கக் கூடாது." நாங்கள் திறக்கவில்லை. இதில் மட்டும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தோம்.

அவள் நூற்று நாற்பத்து மூன்றில் நின்றாள். பன்னிரண்டாவது முடித்து, பட்டம் வாங்கி, போலீஸ் தேர்வும் எழுதினாள். எழுத்தில் தேறி விழுப்புரத்துக்குப் போனவள் மத்தியானமே திரும்பி வந்து, "டேப்ப வெச்சதும் அனுப்பிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தாள். இப்போது செஞ்சியில் ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அவளுக்காக ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் லீவு போட்டுப் போயிருந்தேன். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஜாதகத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வயசு இடிக்குதே?" என்றார்.

நைனா சிரித்தார். "அது ஸ்கூல்ல போட்டதுங்க. ஒரு வருஷம் மூணு மாசம் கூடப் போட்டுட்டாரு வாத்தியாரு. ஜாதகத்துல இருக்கறதுதான் நெசம். உண்மைல சின்ன பொண்ணு."

"அதான பாத்தேன். பாக்கவும் சின்னதாத்தான இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை சுலபமான வாக்கியம் அது. எந்த லாரியும் வெளியே நிற்கவில்லை, எந்த வாத்தியாருக்கும் வேலை போகவில்லை.

சமையலறையில் தங்கை காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷமா? நான் மூணு மாசந்தான்னு நெனச்சினு இருந்தேன்."

நான் சர்க்கரை டப்பாவை மூடினேன். அவள் கூடத்துப் பேச்சைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

பொய் இல்லை. இரண்டாம் முறை போனபோது அம்மா சொன்னாள். எந்த முறை என்று அவள் கேட்கவில்லை.